பின்னால் வந்த பொம்மை

எனக்கு விளையாட்டு ஆசை விட்டுப்போனது ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஆறரை மணிக்கு. இவ்வளவு துல்லியமாகச் சொல்லக் காரணம், அன்றைக்கு அதற்கென்றே விடுப்பு எடுத்திருந்தேன். இரண்டு வருடமாக எப்போது வரும், எப்போது வரும் என்று காத்திருந்த கம்ப்யூட்டர் கேம் அன்றுதான் வெளியானது. உடம்பு சரியில்லை என்று சூப்பர்வைசரிடம் போனில் சொன்னபோது, நம்பட்டும் என்று இரண்டு இருமலையும் சேர்த்துக்கொண்டேன். முப்பத்தொன்பது வயது ஆள் செய்கிற காரியமா என்று கேட்டால், இல்லைதான்.

பகல் முழுக்க அது இன்டர்நெட்டிலிருந்து இறங்கிக்கொண்டே இருந்தது. ஆறரைக்குத் திறந்தேன். பெரிய மலை, உச்சியில் பனி, அடிவாரத்தில் ஒரு குதிரை. என் கம்ப்யூட்டரின் விசிறிகள் உயிரைக் கொடுத்துச் சுற்றின. குதிரை தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. நானும் அதைப் பார்த்தேன். இதன் மேல் ஏறி எங்கே போக வேண்டும், அங்கே யாரை வெட்ட வேண்டும், வெட்டியபின் யாரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று நினைத்தபோதே உடம்பெல்லாம் அலுப்பாக இருந்தது. வேலைக்குப் போகாமலே வேலை முடித்துத் திரும்பியவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். அப்புறம் அதை மூடிவிட்டு எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன்.

என் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். விடைத்தாள் கட்டோடு உள்ளே வந்தவள், நான் பாத்திரம் தேய்ப்பதைப் பார்த்துவிட்டு நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். நிஜமாகவே காய்ச்சல் என்று நினைத்துவிட்டாள். அவள் என் கம்ப்யூட்டரை ‘மூத்தாள்’ என்றுதான் சொல்வாள். கல்யாணத்துக்கு முன்பே வீட்டில் இருந்தவளாம், அதனால் அவளுக்குத்தான் முதல் மரியாதையாம். மூத்தாளைத் தனியாக விட்டுவிட்டு அடுப்படிக்கு வந்துவிட்டீர்களே, சண்டையா என்று கேட்டாள். இரண்டு பேரும் சிரித்தோம்.

இரண்டு மூன்று வாரத்தில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். பசி போனால் திரும்ப வருவதில்லையா, அந்த மாதிரி. நான் லிஃப்ட் மெக்கானிக். காலை எட்டு மணிக்கு வேனில் ஏறினால் ஒரு நாளைக்கு ஐந்து கட்டடம், ஆறு கட்டடம். கதவு சென்சாரில் படிந்த தூசியைத் துடைப்பது, கம்பிகளைத் தடவிப் பார்ப்பது, பிரேக்கைச் சோதிப்பது, யாராவது மாட்டிக்கொண்டால் போய்த் திறந்துவிடுவது. பகலெல்லாம் பொத்தானை அமுக்கிவிட்டு மாலையில் வீட்டுக்கு வந்து அதே விரலால் பொத்தானை அமுக்கினால் சலிக்காமல் என்ன செய்யும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் பதினைந்து வருடம் அப்படித்தான் அமுக்கியிருக்கிறேன். அப்போது சலிக்கவில்லையே.

என்னிடம் இருநூற்றுப் பதினோரு விளையாட்டுகள் இருந்தன. அதில் பாதியைத் திறந்ததுகூடக் கிடையாது. மாலையில் நாற்காலியில் உட்கார்ந்து அந்தப் பட்டியலை மேலும் கீழும் உருட்டுவேன். ஒன்றைத் திறப்பேன், இசை வரும், மூடுவேன். பிறகு வேறு யாரோ விளையாடுகிற வீடியோவைப் போட்டு, அதையும் பாதியில் நிறுத்துவேன். சந்தோஷமாக இருந்த ஒரு ஆளின் சட்டைகளை எடுத்து எடுத்துப் போட்டுப் பார்க்கிற மாதிரி இருந்தது. எதுவும் பொருந்தவில்லை. இதற்குப் போய் யாராவது வருத்தப்படுவார்களா என்று என் கூட வேலை பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. இதுவும் போய்விட்டால் வேலைக்கும் தூக்கத்துக்கும் நடுவில் என்னிடம் என்னதான் இருக்கிறது என்று பயமாகவும் இருந்தது.

இதைச் சொல்ல வேண்டிய ஆள் ஒருவன்தான். அவனிடம் மட்டும் சொல்ல முடியவில்லை.

எனக்கு ஒரே தம்பி. ஆறு வயது இளையவன். வீட்டில் அவன் பெயர் சின்னவன். முப்பத்து மூன்று வயதாகி, பாதித் தலை வழுக்கையான பிறகும் சின்னவன்தான். ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போனால் அவன் ஊர் வரும். கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிற வேலை. முன்பு அலுவலகத்துக்குப் போய்க்கொண்டிருந்தான். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் அவனுக்குக் கால் வீங்கியது. செருப்பு சரியில்லை என்று செருப்பை மாற்றினான். அடுத்து முகம் வீங்கியது. முகத்தை மாற்ற முடியாதே, டாக்டரிடம் போனான். இரண்டு சிறுநீரகமும் முக்கால்வாசி போய்விட்டன என்று சொல்லி அனுப்பினார்கள்.

கொஞ்ச நாள் மாத்திரையில் ஓடியது. அதன் பிறகு டயாலிசிஸ். திங்கள், புதன், வெள்ளி, ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளந்து குடிக்க வேண்டும். வேலையை வீட்டுக்கு மாற்றிக்கொண்டான். மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பெயர் பதிந்து வைத்திருந்தார்கள். அந்த வரிசை அனுமார் வால். எனக்கும் அவனுக்கும் ஒரே ரத்த வகை. அவன் கேட்காமலே நீ கொடுத்திருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்திருக்கிறேன். நினைப்பு வந்ததும் எழுந்து போய் ஏதாவது ஒரு வேலையில் கையை விடுவேன். அவனும் கேட்கவில்லை, நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆளுக்கொரு பக்கமாக ஒதுங்கி நடந்துகொண்டோம்.

எங்களுக்கு மிச்சம் இருந்தது ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை அவன் அங்கே கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவான், நான் இங்கே உட்காருவேன். ஒரு தீவு. அதில் இரண்டு பொம்மைகள், ஒன்று அவன், ஒன்று நான். நாலு வருடமாக அந்தத் தீவில் வீடு கட்டிக்கொண்டிருந்தோம். வரைபடம் அவனுடையது, கூலி வேலை என்னுடையது. காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு பேசிக்கொண்டே மரம் வெட்டுவோம். போனில் பேசினால் எங்கள் பேச்சு இரண்டு நிமிடம் தாண்டாது. சாப்பிட்டியா, சாப்பிட்டேன், அண்ணி எப்படி இருக்காங்க, இருக்கா, அவ்வளவுதான். தீவில் அவன் வாய் ஓயாது. அவனால் ஓட முடிகிற இடமும் அது ஒன்றுதான். நிஜத்தில் ஒரு மாடி ஏறினால் அவனுக்கு இளைக்கும். தீவில் மலை ஏறுவான், பாறையிலிருந்து கடலில் குதிப்பான், ஆற்றில் வாயை வைத்து வேண்டிய மட்டும் தண்ணீர் குடிப்பான். குடிக்கும்போதெல்லாம் என்னைக் கூப்பிட்டுக் காட்டுவான்.

அவனிடம் போய் எனக்கு இது அலுத்துவிட்டது என்று எந்த வாயால் சொல்வது?

அந்த விளையாட்டில் எஃப் என்கிற எழுத்தை அமுக்கினால் நம்முடைய பொம்மை அடுத்தவர் பொம்மையின் பின்னாலேயே தானாக நடக்கும். அதைக் கண்டுபிடித்து எனக்குச் சொல்லிக்கொடுத்ததே சின்னவன்தான். டயாலிசிஸ் செய்வதற்காக அவன் இடது கையில் ரத்தக் குழாய்களை இணைத்துத் தைத்திருந்தார்கள். வெகுநேரம் கீபோர்டில் வைத்திருந்தால் அந்தக் கை மரத்துப்போகும். அப்போது எஃப் போட்டுக்கறேன் அண்ணே என்று சொல்லிவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொள்வான். அவன் பொம்மை கன்றுக்குட்டி மாதிரி என் பின்னால் வரும். நோயாளிக்கு இருந்த அந்த வசதியை நான் எடுத்துக்கொண்டேன்.

முதலில் ஒரு தடவை டீ போட எழுந்தேன். அடுத்த வாரம் துணி காயப்போட. அப்புறம் பழகிவிட்டது. பத்து மணிக்கு உட்காருவேன், பத்து நிமிடம் பேசுவேன், எஃப் அமுக்குவேன், ஹெட்செட்டைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு எழுந்துவிடுவேன். மைக்கை மூட மாட்டேன். மூடினால் அவன் திரையில் என் பெயருக்குப் பக்கத்தில் சிவப்புக் குறி வந்து காட்டிக்கொடுத்துவிடும். திறந்த மைக், பின்னால் வருகிற பொம்மை, வேறு என்ன வேண்டும் ஒரு மனிதன் இருக்கிறான் என்று காட்ட? ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை போய்க் குனிந்து, ‘ம்ம்’ என்றோ, ‘ஆமாண்டா’ என்றோ, ‘பாத்து’ என்றோ சொல்லிவிட்டு வருவேன். அது எல்லாப் பேச்சுக்கும் பொருந்தியது. ஒரு வருடத்துக்கு மேல் என் தம்பியோடு நான் ஒப்புக்குச் சப்பாணியாக விளையாடினேன். யாரையும் ஏமாற்றுகிற மாதிரித் தோன்றவில்லை. நல்லது செய்கிற மாதிரிகூட இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வாஷிங் மெஷின் தண்ணீரைக் கக்கியது. மனைவி கூப்பிட்டாள். எஃப் அமுக்கிவிட்டுப் போனேன். அடியில் இருக்கிற பம்பைக் கழற்றினால் உள்ளே என் மகளின் கிளிப் இரண்டு, ஒரு பென்சில் துண்டு, கிழிந்த சாக்ஸ். எல்லாவற்றையும் எடுத்து, குழாயைச் சுத்தம் செய்து, வாஷரை மாற்றி, தண்ணீர் விட்டுப் பார்த்து, கை கழுவினேன். உண்மையைச் சொல்கிறேன், பல மாதத்துக்கு அப்புறம் மனசுக்குத் திருப்தியாக ஒரு வேலை செய்தது அன்றைக்குத்தான். இடையில் ‘ம்ம்’ சொல்லப் போக வேண்டும் என்பதே மறந்துவிட்டது. நாற்பது நிமிடம் ஆகிவிட்டது.

திரும்பிப் போனபோது திரையில் மழை பெய்துகொண்டிருந்தது. படகுத்துறையில் இரண்டு பொம்மைகளும் எதிரும் புதிருமாக நின்றன. ஹெட்செட்டை மாட்டினேன். ஒரு சத்தமும் இல்லை. ‘ம்ம்’ என்றேன். கை வலிக்கிறது, நான் கிளம்புகிறேன் என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். மணி பதினொன்றுகூட ஆகவில்லை. நல்ல வேளை, கண்டுபிடிக்கவில்லை என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. அசதியாக இருக்கிறது என்று செய்தி அனுப்பினான். அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. மூன்றாவது ஞாயிறு செய்தியும் இல்லை. எனக்குக் கவலை வந்திருக்க வேண்டும். வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன்னால் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்ட பையனின் குஷி வந்தது. அந்த மூன்றாவது ஞாயிறு உட்கார்ந்து இருநூற்றுப் பத்து விளையாட்டுகளையும் அழித்தேன். நிச்சயமாக அழிக்கவா என்று அது ஒவ்வொரு தடவையும் கேட்டது, நானும் ஒவ்வொரு தடவையும் ஆமாம் என்றேன். ஒன்றிலாவது விரல் தயங்கும் என்று எதிர்பார்த்தேன். தயங்கவில்லை. தீவை மட்டும் விட்டுவைத்தேன். மனைவி எட்டிப் பார்த்து, மூத்தாளுக்கு மொட்டையா என்று கேட்டாள்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் குழிக்குள் நின்றுகொண்டிருந்தேன். சிவப்புப் பொத்தானை அமுக்கி லிஃப்டை மேலே நிறுத்திவிட்டு, அடியில் இருக்கிற ஸ்பிரிங்கைச் சுற்றி நிற்கிற எண்ணெய்த் தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுக்கிற வேலை. போன் அடித்தது. சின்னவனின் மனைவி. மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள், பகலில் ஒருநாளும் கூப்பிட மாட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையைக்கூடத் துடைக்காமல் எடுத்தேன்.

அவனுக்கு ஒன்றுமில்லை, வீட்டில்தான் இருக்கிறான் என்று முதலில் சொன்னாள். பிறகு, தன்னுடைய சிறுநீரகத்தைக் கொடுக்கப் பரிசோதனை செய்துகொண்டதையும், உனக்குச் சர்க்கரை இருக்கிறது, உன்னுடையது ஆகாது என்று டாக்டர் தள்ளிவிட்டதையும் சொன்னாள். வரிசையில் இன்னும் ஆறேழு வருடம் ஆகலாமாம். இவன் உடம்பு அதுவரை தாங்குமா என்று கேட்டதற்கு டாக்டர் பேனாவைப் பார்த்தாராம். அண்ணனிடம் கேளுங்கள் என்று தினமும் இவனைப் பிடுங்கியிருக்கிறாள்.

“அத்தான், அன்னிக்கு ஞாயித்துக்கெழமை உங்ககிட்ட கேட்டுட்டேன்னு சொன்னாரு. நீங்க ஒண்ணுமே சொல்லலையாம். அதுதான் பதிலு, இனிமே இந்தப் பேச்சை எடுக்காதேன்னுட்டாரு.” அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “கொடுக்கறதும் கொடுக்காததும் உங்க இஷ்டம். அதுக்கு நான் கோவிச்சுக்க முடியாது. ஆனா வாயைத் தொறந்து முடியாதுன்னாவது சொல்லியிருக்கலாம். அந்த மனுசன் அரைமணி நேரம் உங்க முன்னாடி நின்னுக்கிட்டு இருந்திருக்காரு.”

நான் அங்கே இல்லை, வாஷிங் மெஷினுக்கு அடியில் படுத்திருந்தேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஒரு வருடமாகத் தம்பியை ஏமாற்றினேன் என்பதைவிடக் கல்நெஞ்சன் என்று பெயர் எடுப்பது அந்த நிமிடத்தில் எனக்குக் கொஞ்சம் மரியாதையாகத் தெரிந்தது. நான் அவனிடம் பேசுகிறேன் என்று சொல்லி வைத்தேன். அதற்கப்புறம் எவ்வளவு நேரம் குழிக்குள் நின்றேன் என்று தெரியவில்லை. மேலேயிருந்து கூட்டாளி, என்ன, உள்ளேயே குடித்தனம் வைத்துவிட்டாயா என்று சத்தம் போட்டான்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், எஃப் விஷயம் உட்பட. அவள் விடைத்தாளில் வைத்த பேனாவை எடுக்கவே இல்லை, தாளில் சிவப்பு மை பரவிக்கொண்டே போனது. கடைசியில் ஒன்று கேட்டாள்.

“சரி, நீங்க அங்கயே இருந்து, காதுல கேட்டிருந்தா, என்ன சொல்லியிருப்பீங்க?”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என்ன கேள்வி இது, சொந்தத் தம்பி, தூக்கி வளர்த்தவன் நான் என்று கத்தினேன். கத்தி முடித்தபின் பார்த்தால் அவள் கேட்டதற்கு நான் பதிலே சொல்லவில்லை. அதை அவளும் கவனித்தாள். வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், கொடுங்கள் என்றும் சொல்ல மாட்டேன், இரண்டில் எதைச் சொன்னாலும் ஆயுசுக்கும் என் தலையில்தான் விடியும் என்றாள். மகள் பக்கத்து அறையில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தாள். கொடுத்தால் மாதக்கணக்கில் கனம் தூக்கக் கூடாது என்பார்கள், குழிக்குள் இறங்க விட மாட்டார்கள், எனக்கே நாளைக்கு ஒன்று என்றால் மிச்சம் ஒன்றுதான் இருக்கும். இதையெல்லாம் நான்தான் யோசித்தேன். யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

ஆனாலும் புதன்கிழமை முடிவு செய்துவிட்டேன். வேனில் போகும்போது வரும்போதெல்லாம் ஒரே வாக்கியத்தை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். ‘டெஸ்ட் எடுத்துக்க நான் வரேண்டா, டிக்கெட் போட்டாச்சு.’ சனிக்கிழமைக்குள் அது தடங்கல் இல்லாமல் வந்தது. டிக்கெட் மட்டும் போடவில்லை.

ஞாயிறு காலை, தீவுக்கு வா, பேச வேண்டும் என்று செய்தி அனுப்பினேன். பத்து மணிக்கு அவன் பொம்மை படகுத்துறையில் வந்து நின்றது. நான் பக்கத்தில் போய் நின்றேன். கையைக் கீபோர்டிலிருந்து எடுக்காமல், ஒரே மூச்சில் உண்மையைச் சொன்னேன். எனக்கு விளையாட்டே பிடிக்காமல் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது, உன்னிடம் சொல்லத் தைரியம் வரவில்லை, எஃப் போட்டுவிட்டு எழுந்து போய்விடுவேன், அன்றைக்கு நீ கேட்டபோது நான் அறையிலேயே இல்லை, சத்தியமாக என் காதில் விழவில்லை.

அவன் சிரித்தான். கிண்டல் இல்லாத, சாதாரணச் சிரிப்பு.

“தெரியும்ணே.”

“என்ன தெரியும்?”

“நீ எஃப் போட்டுட்டுப் போறது. முதல் மாசமே தெரியும். நீ இருந்தா மூச்சுச் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும், உனக்குச் சின்ன வயசுலேருந்தே மூக்குல விசில். இல்லேன்னா ஒண்ணும் கேக்காது. அப்புறம், நீ நிஜமா வந்தா வழியில கெடக்கற ஒரு குச்சியக்கூட விடமாட்டே, குனிஞ்சு குனிஞ்சு பொறுக்குவே. பொம்மை பொறுக்காது.”

எனக்குக் காது சூடாகிவிட்டது. தெரிந்தும் ஏன் கேட்கவில்லை என்றேன்.

“கேட்டா நீ வர்றத நிறுத்திடுவே. பொம்மையாவது வந்துச்சே.”

என் பொம்மையைத் துறையின் ஓரம் வரை நடத்திக்கொண்டு போய்க் கடலைப் பார்க்க நிறுத்தினேன். பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் இல்லை என்பது அவனுக்குத் தெரியும் என்றால், அன்றைக்கு அவன் யாரிடம் கேட்டான்?

“நீ இல்லேன்னு தெரிஞ்சுதாண்ணே கேட்டேன்,” என்றான் சின்னவன். “அவ தெனமும் கேட்டியா கேட்டியான்னு உயிர எடுத்தா. பொய் சொன்னா என் முகத்துலயே கண்டுபிடிச்சிடுவா. அதான் நீ எழுந்து போற வரைக்கும் காத்திருந்தேன். கேட்டேங்கறதும் நெசம், நீ பதில் சொல்லலேங்கறதும் நெசம். பேச்சு முடிஞ்சுது பாரு.”

உன்னால் அவள் என்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாள் தெரியுமா என்று கேட்டேன். அந்த நேரத்திலும் எனக்கு என் பெயர்தான் முக்கியமாக இருந்தது.

“அவதானே நெனக்கறா. நெனச்சுட்டுப் போகட்டும். உன் வாயால முடியாதுன்னு கேட்டிருந்தா நானும் நெனச்சிருப்பேன். அதுக்கு இது தேவலை.”

மூன்று வாரம் ஏன் வரவில்லை என்றேன். பொம்மையிடம் கேட்டதே அவ்வளவு கஷ்டமாக இருந்தது, மறுபடி அதன் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது என்று சொன்னான்.

எனக்கு அழுகை வந்தது. ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது, அந்த விளையாட்டில் அதற்கு ஒரு விசையும் கிடையாது.

“இப்போ கேளுடா,” என்றேன். “இப்போ இருக்கேன்.”

அவன் நாற்காலி ஒரு தடவை கிரீச்சிட்டது. பக்கத்து அறையில் அவன் மனைவி ஏதோ பாத்திரத்தை வைக்கிற சத்தம் கேட்டது.

“வேணாம்ணே. விடு. நீ குழிக்குள்ள எறங்கி ஏறற ஆளு. பாப்பா சின்னப் பொண்ணு. பேரு பதிஞ்சிருக்கு, வரும்போது வரட்டும்.”

அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். யாரடா நீ வேண்டாம் என்று சொல்ல, நான் வருகிறேன் என்று அதட்டியிருக்க வேண்டும். அண்ணன்காரன் அதட்டினால் தம்பி கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டு ஒத்துக்கொள்வான், எல்லா வீட்டிலும் அப்படித்தான் நடக்கும். அவன் அதற்காகவே காத்திருந்தானோ என்னவோ. நாலு நாள் ஒத்திகை பார்த்த வாக்கியம், அதில் பத்து வார்த்தைகூட இல்லை. நான் வாயைத் திறந்தேன்.

வார்த்தை வரவில்லை, மூச்சுதான் வந்தது. நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி, நீளமாக, நிதானமாக. ஆறுதலாக இருந்தது. என் தம்பி சாகட்டும் என்று நான் நினைக்கவில்லை. தப்பித்தோம் என்று என் உடம்பு நினைத்தது, என்னைக் கேட்காமலே. மைக் வாய்க்கு நேராக இருக்கிறது என்பது அந்த மூச்சு முழுதும் வெளியே போன பிறகுதான் ஞாபகம் வந்தது.

“கேட்டுச்சுண்ணே,” என்றான் சின்னவன்.

கோபமாகச் சொல்லியிருக்கலாம். சாப்பிட்டேன் என்று சொல்கிற குரலில் சொன்னான். அப்புறம், மழை வருவதற்குள் மேற்குப் பக்கத்து மரத்தை வெட்டிக்கொண்டு வந்துவிடலாம், கூரை பாதியில் நிற்கிறது, கை வலிக்கும் வரைக்கும் இருக்கிறேன் என்றான். அவன் பொம்மை திரும்பி நடக்க ஆரம்பித்தது. நான் வருகிறேன் என்றேன். எழுந்திருக்கவில்லை, எஃப் பக்கம் விரல் போகவில்லை. அவன் போதும் என்று சொல்கிற வரைக்கும் அவன் பின்னாலேயே நடந்தேன், வழியில் கிடந்த ஒரு குச்சியைக்கூட விடாமல் குனிந்து குனிந்து பொறுக்கிக்கொண்டு.